முதல் பந்திக்கு வராத சென்னப்பன்

பால் கேனின் மூடியைத் தூக்கி மூக்கை நீட்டுகிறார் சென்னப்பன். பால் எந்த மாட்டுடையது, அது காலையில் யாருடைய கொல்லையில் வாய் வைத்தது, அதற்கு அந்த வீட்டம்மாள் என்ன சொல்லித் திட்டினாள் என்பது வரைக்கும் அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும். சரி, திட்டு மட்டும் என் கைச்சரக்கு. அடுத்ததிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்: அவர் இங்கே வேலைக்கு வந்த இந்தப் பதினேழு வருஷத்தில் பால் வண்டி பச்சியப்பன் சொசைட்டி வாசலில் இரண்டாவது ஹாரன் அடித்ததே கிடையாது. ஒன்று அடித்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் கேன்கள் வரிசையாக வெளியே நிற்கும்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தப் பால் சொசைட்டி. அவருக்குச் செயலாளர் என்று பெயர். பால் அளப்பது, மிஷினில் சத்துப் பார்ப்பது, இடத்தைக் கழுவி விடுவது எல்லாமே அவர்தான். மாலை வண்டி ஆறு நாற்பதுக்கு. அதன் பிறகு கழுவித் துடைத்து வீடு போய்ச் சேர எட்டரை ஆகும். கல்யாண வீட்டு ராத்திரிச் சாப்பாட்டிலும் அவருக்குக் கடைசிப் பந்திதான். வாழைக்காய் வறுவல் தீர்ந்துபோன பந்தி.

கவுண்டரில் அவருடைய பேச்சு மொத்தம் நாலு சொல். “ஊத்துங்க.” “தள்ளுங்க.” “தண்ணி.” “நாளைக்கு.” மூன்றாவதைக் கேட்டவர்கள் ஒரு வாரத்துக்குத் தலை நிமிர்வதில்லை.

இந்த மனிதர் இப்போது கடலில் போகப்போகிறார். மனைவி கலைமதியின் தம்பி, ஓசூரில் வேலையாக இருப்பவன், அக்கா குடும்பத்துக்குக் கப்பல் பயணம் ஒன்றைப் பரிசாகப் போட்டுக் கொடுத்துவிட்டான். சென்னையில் ஏறினால் இரண்டு ராத்திரி தண்ணீரில். அந்த நாட்களில் பால் பிடிக்கப் பக்கத்து ஊர் ஆள் ஒருவருக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது.

மகள் அன்பரசி, ஒன்பது வயது, அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு வந்தபோது மணி ஆறரை ஆகப்போகிற நேரம். கப்பல்காரர்கள் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். ராத்திரிச் சாப்பாடு இரண்டு பந்தி: ஆறரைக்கு ஒன்று, எட்டே முக்காலுக்கு ஒன்று. எது வேண்டுமென்று அன்றைக்கு ஏழு மணிக்குள் சொல்லிவிட வேண்டும்; பிறகு மாற்ற முடியாது.

“எட்டே முக்கா,” என்றார் சென்னப்பன், கேனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஏம்ப்பா?”

“ஆறரைக்கு எப்பிடி பாப்பா சாப்புட வர்றது? ஆறு நாப்பதுக்கு வண்டி வருமில்ல?”

பால் ஊற்றிவிட்டு வெறும் தூக்கோடு நின்றிருந்த இன்னாசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “எங்கீங்க வரும், நடுக்கடலுக்கா? பச்சியப்பன் டயரக் கழட்டிப்புட்டு துடுப்பு மாட்டிக்கிட்டு வருவானா? அங்க பால யாரு ஊத்தறது, திமிங்கலமா?”

“திமிங்கலமும் பால் குடுக்கும் மாமா. புஸ்தகத்துல போட்டிருக்கு,” என்றாள் அன்பரசி.

“குடுக்கட்டும் சாமி. உங்கப்பா அதையும் மோந்து பாத்துட்டு ‘தண்ணி’ம்பாரு.”

சென்னப்பனுக்குத் தன் தவறு புரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. “ஆறரைக்குத் தின்னா அது சோறா? பொழுது எறங்கணும், பசிக்கணும்,” என்றார்.

“எட்டே முக்காலுக்கு நம்ம குட்டித் தம்பி தூங்கிருவான்ப்பா. எனக்கும் கண்ணு சொக்கிரும். கப்பல்லயும் நீயும் அம்மாவும் மட்டுந்தான் சாப்புடுவீங்க.”

“தூங்கினா தூக்கிட்டுப் போறேன்.”

“தூக்கிட்டுப் போனா கத கேக்குமா?”

“என்ன கத?”

“தெனமும் சாப்புடறப்ப அம்மாகிட்ட சொல்றியே, அது. ஒவ்வொருத்தர் மாதிரியும் கொரல மாத்திப் பேசிக் காட்டுவியாமே. அம்மா விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்குத் தூக்கத்துல சிரிப்பு மட்டுந்தான் கேக்குது. காலைல கேக்கலாம்னா நீ வூட்ல இருக்க மாட்ட. அம்மாவுக்கு உன்ன மாதிரி சொல்ல வரல.”

இன்னாசி தூக்கைக் கீழே வைத்தார். “இவுரா? பேசிக் காட்டுறாரா? யார் மாதிரிங்க?”

சென்னப்பன் அளவைக் குவளையைத் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு முறை துடைத்தார்.

“செகரெட்டரி, என்ன மாதிரியுமா?”

“நேரமாச்சு, வூட்டுக்குப் போங்கண்ணே.” இன்னாசியிடம் அவர் இதுவரை பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

வாசலில் ஹாரன் அடித்தது. கேன்கள் இன்னும் உள்ளேதான் இருந்தன. இரண்டுக்கு மூடிகூடப் போடவில்லை. சென்னப்பன் போனை வாங்கி ஆறரையைத் தொட்டார். விரலில் பால் ஈரம், போன் கேட்கவில்லை. வேட்டியில் விரலை நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடியும் தொட்டார். இந்த முறை கேட்டது. போய்ச் சேர்ந்துவிட்டதா என்று மகளிடம் காட்டி உறுதி செய்துகொண்டார். பிறகு குனிந்து, அவள் காதருகே கையைக் குவித்து, ஏதோ சொன்னார். அன்பரசி ஒரு நொடி விழித்தாள். அப்புறம் இன்னாசியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னா சொன்னாரு? பாப்பா, என்னா சொன்னாரு?” என்று இன்னாசி சுற்றிச் சுற்றி வந்தார். வாசலில் மறுபடியும் ஹாரன்.

இரண்டு கையிலும் கேனோடு வெளியே வந்த சென்னப்பன், வண்டியைப் பார்த்து, “ரெண்டாவது ஹாரன் அடிக்க வெச்சுட்டேனே பச்சியப்பா,” என்றார்.

“மூணுங்க,” என்றார் பச்சியப்பன்.