கிம்லாங் நட்ட காடு

கிம்லாங் என் வீட்டை இழுத்துப் போகும்போதெல்லாம் என்னைச் சட்டிபானைகளோடு உள்ளே உட்கார வைத்துவிடுகிறாள். பல வருஷமாக எனக்கு இது ஆறாத குறை. வீடு என்னுடையது. அதைத் தண்ணீரில் மிதக்க வைக்கும் மூங்கில் கட்டுகள் நான் கட்டியவை. கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியிலேயே பிறந்து ஏரியிலேயே நரைத்தவன் நான். ஆனாலும் முன்பக்கம் வந்து ஒரு கழியை ஊன்றினால் போதும், அவள் படகிலிருந்து சத்தம் வரும்: "டேய் மோன், உள்ள போ! உன் தொந்திக்கு வீடு ஒரு பக்கமா சாயுது!" ஊரே சிரிக்கும். என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள்.

வீடு இழுப்பதுதான் அவள் தொழில். மழை பிடித்து, ஏரியிலிருந்து வெளியே ஓடுகிற ஆறு திசை திரும்பி ஏரிக்குள்ளேயே பாய ஆரம்பித்தால், கரை எங்களை விட்டு விலகிக்கொண்டே போகும். நாங்கள் அதன் பின்னாலேயே போவோம். தண்ணீர் வடியும்போது திரும்பி வருவோம். வீடு, கடை, பன்றிப் பட்டி, முதலைக் கூண்டு எல்லாம் மிதப்பவைதான். எல்லாவற்றையும் அவளுடைய நீளப் படகுதான் இழுக்கிறது. இஞ்சின் பிடியைக் காலால் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தாமரைக்காய் உரித்துத் தின்பாள். தலையில் கட்டம் போட்ட துண்டு. வாய் ஓயாது.

யார் வீடு யார் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதும் அவள் முடிவுதான். மாமியாரோடு மல்லுக்கு நின்ற ஒரு பெண்ணின் வீட்டை முதலைக் கூண்டுகளைத் தாண்டிக் கட்டிவிட்டு, "இந்த வருஷம் சண்டை போடணும்னா நல்லாத் தொண்டையைத் திறந்து கத்து, முதலைக்கும் பொழுது போகட்டும்" என்றாள். கயிறு விஷயத்தில் மட்டும் படு கறார். "தண்ணி ஏறும்டா, கயித்தை நீளமா விட்டுக் கட்டு" என்று வீடு வீடாகப் போய் முடிச்சை இழுத்துப் பார்ப்பாள்.

மழைக்காலத்தில் நாங்கள் ஒதுங்கி நின்ற காடு சில கோடைகளுக்கு முன் எரிந்துபோனது. தேனெடுக்கப் போன எவனோ புகை போட்டான் என்கிறார்கள். காடு இருந்தவரை காற்று அதில் மோதி ஓய்ந்துவிடும். எங்களுக்கு வந்து சேர்வது தொட்டில் ஆட்டம்தான். இப்போது வெட்டவெளியில் நின்று அலையிடம் அடி வாங்குகிறோம். போன மழையில் ஒரே காற்றில் இரண்டு வீடுகள் பிளந்தன. பல குடும்பங்கள் மேட்டு நிலத்துக்குப் போய்விட்டன. "ஆடாத வீட்ல எப்படிடா தூங்குறாங்க?" என்று கிம்லாங் நிஜமாகவே கேட்பாள்.

அவள்தான் நடத் தொடங்கினாள். தண்ணீர் வடிந்த சாம்பல் மண்ணில் செங்கடம்புக் கன்றுகள். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தாலும் பிழைக்கிற சாதி அது. முதல் தடவை, பின்னால் தேடிக் கண்டுபிடிக்க வசதியாக ஒவ்வொரு கன்றிலும் ஒரு காலி பாட்டிலைக் கட்டிவிட்டாள். ஏரிக்காரி புத்தி, எதை வைத்தாலும் மிதவை கட்டாமல் இருக்க முடியாது. ஊருக்கெல்லாம் கயிறு விடச் சொன்னவள் கன்றுகளுக்குச் சாண் கயிறுதான் விட்டிருந்தாள். தண்ணீர் ஏறியது. பாட்டில்களும் ஏறின. ஒரு காலையில் பார்த்தால் ஏரியெங்கும் பாட்டில்கள், அவற்றின் கீழே வேரோடு தொங்கும் கன்றுகள்.

"அக்கா, தூண்டில்ல மரம் மாட்டியிருக்கு. வறுக்கவா, குழம்பு வைக்கவா?" என்று கேட்டேன்.

"உன் வாயிலதான்டா நட்டு வைக்கணும். அங்கதான் காத்து ஜாஸ்தி."

இந்த வருஷம் மறுபடி நட்டாள். பாட்டில் இல்லை, கயிறு இல்லை. அவர்களோடு நானும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கணவன் ரேன் சொல்லிவிட்டான்: "இதுவும் செத்துப்போச்சுன்னா படகை வித்துட்டு மேட்டுக்குப் போயிடலாம். இன்னொரு காத்தை என்னால தாங்க முடியாது." மாங்காயை மீன் விழுதில் தொட்டுக்கொண்டிருந்தவள் "சரி" என்றாள். கிம்லாங் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தி நான் கேட்டது அன்றுதான்.

இப்போது தண்ணீர் ஏறிக் கன்றுகளை மூடிவிட்டது. நேற்று என்னைப் படகில் ஏறச் சொன்னாள். ரேனைக் கூப்பிடவில்லை. அவன் பார்த்தால் தனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுவானாம். எரிந்து கருத்த மரத்தலை ஒன்று தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. கன்றுகளுக்கு அவள் வைத்திருந்த அடையாளம் அதுதான். கொஞ்சம் தள்ளியே இஞ்சினை நிறுத்தி, கன்றுகளில் படாதபடி இஞ்சின் சுழலியைத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தாள். தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவள் மாதிரி சத்தமில்லாமல் வலித்தாள்.

"காதுல சீழ் வெச்சிருக்கு, என்னால முங்க முடியாது. நீ போய்த் தடவிப் பாரு. பிடுங்கிடாத."

"கொழகொழன்னு இருந்தா என்ன சொல்ல?"

"கொழகொழன்னு இருக்குன்னு சொல்லு."

குதித்தேன். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலில் கையில் சேறு பட்டது, பிறகு கரிக்கட்டை, பிறகு மெல்லிய தண்டு. அசைத்துப் பார்த்தேன். மண்ணை விடவில்லை. தண்டைத் தடவிக்கொண்டே மேலே வந்தேன். இலை தட்டுப்பட்டது. செத்த இலை விரலில் கஞ்சியாகக் கரையும். இது கரையவில்லை. விறைப்பாக, விளிம்பில் சின்னச் சின்னப் பற்களோடு இருந்தது.

தலையை வெளியே நீட்டி, "இருக்குக்கா. இலையோட இருக்கு" என்றேன்.

அவள் துடுப்பைக் கீழே வைத்தாள். படகு விளிம்பில் குப்புறப் படுத்து, தோள்வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். எட்டவில்லை. கையை வெளியே எடுக்கவுமில்லை.

"இன்னொண்ணு தொட்டுட்டு வாடா" என்றாள்.