லாசாலில் ஒரு மோட்டார் வீடு

1975 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஒட்டாவாவில் பஸ் ஏறினேன். மாண்ட்ரியல் நூற்று இருபத்தைந்து மைல். வழி நெடுகத் தூறல். திருச்சியில் என்னோடு இன்ஜினியரிங் படித்த ராகவன் முந்தின நாள் போன் செய்திருந்தான்: "வண்டிய ரிப்பேர் பண்ணணும்டா. தனியா முடியல."

உள்ளேயே படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார் வீடு அது. பத்து வருடம் ஓடியதை வாங்கி, இரண்டு குளிர்காலம் சும்மா நிறுத்தி வைத்துவிட்டான்.

பத்து மணிக்கு மாண்ட்ரியலின் லாசால் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். அவனுடைய அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால், ஒரு தொழிற்சாலை மதிலோரம் வண்டி நின்றது. கதவைத் திறந்ததும் எலி நாற்றம். தண்ணீரை வடிக்காமல் விட்டதில் குழாய்கள் உறைந்து வெடித்திருந்தன. கூரை ஒழுகி, படுக்கைக்கு மேல் பலகை உப்பியிருந்தது.

"ஏண்டா இவ்வளவு நாள் விட்டே?"

"வசந்தாவுக்கு இதுல இஷ்டமில்ல. இப்ப காஸ்பே கடற்கரை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். கடலைப் பார்த்தா மனசு மாறும்."

வசந்தா அவன் மனைவி. தாவரவியலில் எம்.எஸ்சி. அந்தப் பட்டம் இங்கே செல்லுபடியாகவில்லை, பிரெஞ்சும் வரவில்லை. ஏழு வருடமாக நாலாவது மாடியிலேயே அடைந்து கிடந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அவள் இன்னும் பதில் எழுதவில்லை என்று ராகவன் நம்பிக்கொண்டிருந்தான்.

புது பாட்டரி வைத்தோம். ஆயில் மாற்றினோம். துருப்பிடித்து இறுகியிருந்த பிரேக்கைக் கழற்றவே இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு மணிக்கு வசந்தா எலுமிச்சை சாதம் கொண்டுவந்தாள். நான் கழுவுதொட்டிக்கு அடியில் குழாய் மாற்றும்போது, கேட்காமலே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராகவன் முகம் மலர்ந்துவிட்டது.

நாலு மணிக்கு என்ஜின் இருமிக்கொண்டே கிளம்பியது. மூவருமாக ஆற்றோரச் சாலையில் போனோம். செயின்ட் லாரன்ஸ் ஆறு பாறைகளில் மோதி இரைந்துகொண்டிருந்தது.

"எப்படி இருக்கு வசந்தா? காஸ்பே போகலாமா?"

"நல்லா ஓடுது. நீங்க போயிட்டு வாங்க," என்றாள். சற்றுப் பொறுத்து, "எனக்கு ஜூன் எட்டாம் தேதி பிளேன். காலேஜ் திறக்கறதுக்குள்ள போய்ச் சேரணும்."

"டிக்கெட் எப்ப எடுத்தே?"

"மார்ச்சுல. தினமும் சொல்லணும்னுதான் நினைச்சேன். நீங்க இந்த வண்டியப் பத்தியே பேசிட்டிருந்தீங்க."

பின் சீட்டில் இருந்த எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ராகவன் வேகத்தைக் கூட்டவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் பதமாக நிறுத்தி, என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டான்.

"பிரேக் நல்லா பிடிக்குதுடா," என்றான். அவ்வளவுதான்.

எட்டரைக்கு வீட்டுக் கதவைத் திறந்த என் மனைவி கேட்டாள்: "வண்டி சரியாச்சா?"

"ஆச்சு," என்றேன். அவள் தட்டு வைத்தாள். அவள் இந்த ஊரைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கப் பயமாக இருந்தது.