குறை இல்லை என்று மூன்று முறை எழுதியவர்

அவருடைய இழவு வீட்டிலும் அவர் கோபத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். கடுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். சூடு பட்ட மறுகணம் வெடிப்பார். ஸ்பேனர் கை நழுவினால் ஸ்பேனரைத் திட்டுவார், மழை வந்தால் மழையை. யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. அவர் தொட்ட எஞ்சின் ஓடியது, அவ்வளவுதான்.

அந்தப் பெருமைக்கு ஒருமுறை அடி விழுந்தது. அதைச் சொல்லாமல் அவரைச் சொன்னதாகாது.

அவருடைய தங்கை கணவர் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டினார். சாது. அதட்டினால் சரி என்பார், அதட்டாவிட்டாலும் சரி என்பார். அந்தப் படகு நடு ஆற்றில் இருமி இருமி நின்றுபோக ஆரம்பித்தது. எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கி வந்தார்கள். கடுகு அதைச் சட்டத்தில் மாட்டி, அடிப்பகுதியைத் தண்ணீர்ப் பீப்பாயில் முக்கி, தன்னுடைய நீல நிறக் கேனிலிருந்து பெட்ரோல் குழாயை இணைத்தார். ஓடவிட்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சத்தம் இறங்குகிறதா என்று காது கொடுத்தார். இரண்டு சிலிண்டரும் ஒழுங்காக உழைத்தன. ஒரு மணி நேரம் ஓடியும் ஒரு இருமல் இல்லை.

"டேங்கையும் எடுத்துட்டு வரவா மச்சான்?" என்று மாப்பிள்ளை தயங்கிக் கேட்டார்.

"அதுல என்ன இருக்கு? பெட்ரோல்தானே? இல்ல, பன்னீர் ஊத்தி ஓட்டுறியா?"

'எஞ்சினில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்படியே மூன்று முறை.

மூன்றாவது சீட்டைப் பார்த்த படகுத்துறைக் காண்ட்ராக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். எஞ்சினில் குறை இல்லையென்றால் ஓட்டுகிறவனிடம்தான் குறை. திங்கட்கிழமை முதல் வேறு ஆள்.

தங்கை பட்டறைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"உன் கையெழுத்துதான்ணே எங்க அடுப்புல தண்ணி ஊத்தியிருக்கு."

"ஓடற எஞ்சின ஓடலன்னு எழுதணுமா? பொய் சொல்லச் சொல்றியா?"

"வேணாம். ஒரு தடவையாவது அந்தப் படகுல ஏறிப் பாத்தியா? அத மட்டும் சொல்லு."

மறுநாள் காலை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, கடுகு படகில் ஏறினார். மாப்பிள்ளையின் லட்சணத்தைப் பத்துப் பேர் முன்னால் காட்டிவிடுவதுதான் எண்ணம். அவரை எழுப்பிவிட்டுத் தானே கைப்பிடியைப் பிடித்தார். பத்து நிமிடம் வெண்ணெயில் கத்தி போல ஓடியது.

"பாத்தியா? இதுக்குப் பேருதான்..."

எஞ்சின் தடுமாறியது. இருமியது. நின்றது. படகு நீரோட்டத்தோடு பக்கவாட்டில் இழுபட்டது.

"எஞ்சினும் உங்களப் பாத்துப் பயந்துடுச்சு போல" என்றார் ஒரு பயணி.

கடுகு குழாயைத் தடவினார். நடுவிலிருந்த ரப்பர் பம்ப் சப்பிப் போயிருந்தது. கை அப்படியே டேங்குக்குப் போயிற்று. பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி டேங்க் உள்ளே ஒட்டியிருந்தது. மூடிமேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பிய்த்தெறிந்தார். காற்றுத் திருகு இறுக மூடியிருந்தது. அதைத் திருப்பியதும் டேங்க் மூச்சை இழுத்த சத்தம் படகில் எல்லோருக்கும் கேட்டது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்?

"மூடுனது யாரு?"

"வாடை அடிக்குதுன்னு ஆளுங்க சொன்னாங்களாம். காண்ட்ராக்டர் கட்டச் சொன்னாரு. அதான் அன்னிக்கே மச்சான், டேங்க எடுத்துட்டு வரவான்னு..."

கரை சேரும்வரை கடுகு வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது.

காண்ட்ராக்டர் மேசையில் மூன்று சீட்டுகளையும் பரப்பினார். "நீங்க எழுதிக் குடுத்ததுதானே இது?"

"ஆமா. நாலாவதும் எழுதறேன், பேப்பர் குடுங்க."

எழுதினார்: 'டேங்கின் காற்று வழி அடைபட்டிருந்தது. அடைக்கச் சொன்னவர் காண்ட்ராக்டர். டேங்கைப் பார்க்காமல் சான்று கொடுத்தது என் தவறு. ஓட்டியவர் மேல் குறை இல்லை.'

"முதல் வரி போதுமே. உங்க பேரும் ஏன் கெடணும்?"

"கெடட்டும். உங்க மூக்குக்கு வாடை ஆகாதுன்னு அது மூச்ச அடைப்பீங்க, நான் பாக்காமயே கையெழுத்துப் போடுவேன், கடைசியில பழி மட்டும் வாயில்லாப் பூச்சி தலையில. நாலு வரியையும் துறைப் பலகையில ஒட்டுங்க. இல்லன்னா நானே பசையோட வரேன்."

ஒட்டினார்கள். திங்கட்கிழமை வேறு ஆள் வரவில்லை. அதன்பிறகு பட்டறைக்கு எஞ்சின் கொண்டு வந்தவர்களெல்லாம் டேங்க் கொண்டு வராததற்குத்தான் முதல் திட்டு வாங்கினார்கள்.

அன்று அலுவலகப் படியில் காத்திருந்த மாப்பிள்ளையிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. சத்தம்தான் போட்டார்.

"நான் வேணாம்னா விட்டுடறதா? தூக்கிட்டு வந்து என் தலையில போட வேண்டியதுதானே?"

"அடுத்த தடவ போடறேன் மச்சான்."

இழவு வீட்டில் இதைச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை, "ஒரு தடவகூடப் போடலையே" என்றார்.