அக்னி மூலையில் எழுந்த புகைக்கூண்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பருப்பும் மிளகாயும் நிறுத்துப் பழகிய கை பயணக் கட்டுரை எழுதப் போனால் எப்படி இருக்கும் என்பது ஒரு தயக்கம். பெற்ற மகளைப் பற்றித் தகப்பனே எழுதினால் பெருமையடிக்கிறான் என்பார்களே என்பது அதைவிடப் பெரிய தயக்கம். கதிர்காமத்தானை நினைத்துக்கொண்டு இன்றைக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964ஆம் ஆண்டு தை மாதம், பொங்கல் கழிந்த வியாழக்கிழமை காலை கம்பளையில் ரயில் ஏறினேன். போன காரியம் ஒன்றே ஒன்றுதான். என் மூத்த மகள் மரகதம் கொழும்பில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பை நிறுத்தி அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அந்த வகுப்புப் பிள்ளைகளே வரைபடம் போட்டு, அவர்களே கல்லும் மண்ணும் சுமந்து ஒரு பிள்ளைக் காம்பரா கட்டுகிறார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர். எங்கள் உறவுக்காரர் ஒருவர் அந்த வழியாகப் போனபோது மரகதம் தலையில் மண் கூடையோடு நடந்ததைப் பார்த்திருக்கிறார். வந்து என் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "உங்க அப்பா தலையில சுமந்த மண்ணு பத்தாதாங்க? கையோட கூட்டிட்டு வாங்க" என்றாள். என் தகப்பனார் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து, தோட்டத்து ரோட்டு வெட்டில் மண் சுமந்தே முதுகு வளைந்து போனவர். எங்கள் வம்சத்தில் இனி ஒருவரும் மண் சுமக்கக் கூடாது என்றுதான் நான் கடையே வைத்தேன். ஆகவே எனக்கும் வேறு யோசனை இல்லை.

நாவலப்பிட்டியில் பின்பக்கம் இன்னொரு எஞ்சினைப் பூட்டினார்கள். அங்கிருந்துதான் உண்மையான ஏற்றம். வட்டவளை தாண்டியதும் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். எதிரே வட்டகொடைக்குப் போகும் தையற்காரர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

"எங்கங்க பயணம்?"

"அக்கரப்பத்தனை. மகளைப் பார்க்கப் போறேன்."

"கட்டிக் குடுத்த பொண்ணுங்களா?"

"இல்லீங்க. படிக்கிற பொண்ணு."

"அக்கரப்பத்தனையில என்னங்க படிப்பு? கொழுந்து கிள்ற படிப்பா?"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து இருட்டானபோது எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

தலவாக்கலையில் இறங்கிப் பத்துச் சதத்துக்குப் பால் விடாத ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறினேன். பன்னிரண்டு மைல், அறுபத்தைந்து சதம். லிந்துலை கடந்தபின் ரோட்டுக்கு இருபுறமும் தேயிலையைத் தவிர வேறொன்றும் கிடையாது. எந்தத் தோட்டம் என்று டிக்கட் கொடுப்பவர் கேட்டார். சொன்னேன்.

"ஓ, கொழும்புப் பிள்ளைக வீடு கட்டுற தோட்டமா? அதுல ஒரு சின்னம்மா இருக்காங்க பாருங்க. சிமெந்து மூட்டைய பஸ்ல ஏத்திட்டு, மூட்டைக்கு டிக்கட் கேட்டா, மூட்டை சீட்டுலயா உக்காந்திருக்குன்னு என்னைக் கேக்குறாங்க."

அது என் மகளாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. டிக்கட் காசை எண்ணிக் கொடுத்தேன்.

மாலை மூன்று மணி இருக்கும். ரோட்டில் இறங்கித் தேயிலைக்குள் ஒரு மைல் ஏறினேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குச் சற்றுத் தள்ளி, மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் அந்தக் கட்டடம் நின்றது. இடுப்பளவுக்குக் கருங்கல், அதற்கு மேல் செங்கல், தகரக் கூரை. அதன் கிழக்குப் பக்கம் வெட்டிய மண்மேடு கூரை உயரத்துக்கு நின்றது. தென்கிழக்கு மூலையில் மூங்கில் சாரம் கட்டியிருந்தது. சாரத்தின் மேல் என் மகள். சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டி, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் செங்கலுமாக இருந்தாள்.

"அப்பா" என்றாள். இறங்கி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சிமெந்து அரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. 

பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். ராக்கம்மா என்று பெயர். அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள்.

"முதலாளி, மூஞ்சியப் பார்த்தா மகளைக் கூட்டிட்டுப் போக வந்த மாதிரி இருக்கு. கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. ஆனா இந்தப் பொகைய நிறுத்திக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. போன வாரம் அடுப்பு மூட்டினாங்க. உள்ள இருந்த நாங்க அத்தனை பேரும் எழவு வீடு மாதிரி அழுதுகிட்டு வெளிய வந்தோம்."

சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். மரகதமும் சிரித்தாள். பிறகு எனக்கு விளக்கமாகச் சொன்னாள்.

அந்தக் குளிரில் குழந்தைகளுக்குக் கணகணப்பு வேண்டும், பாலும் காய்ச்ச வேண்டும். ஆகவே உள்ளே ஓர் அடுப்பும் புகைக்கூண்டும். ஆனால் வகுப்பிலுள்ள பிள்ளைகள் பெரும்பாலும் கொழும்பு, காலி போன்ற கடலோர ஊர்களில் பிறந்தவர்கள். புகைக்கூண்டு என்பதை அவர்கள் பார்த்ததே துறைமுகத்துக் கப்பலில்தான். புத்தகத்தில் கண்ட அளவுக்கு அழகாக ஒன்று வரைந்து, அதே அளவுக்குக் கட்டிவிட்டார்கள். மண்மேட்டைத் தாண்டி வரும் காற்று மேட்டின் விளிம்பில் கவிழ்ந்து நேரே அந்தப் புகைக்கூண்டுக்குள் விழுந்தது. போன புகை திரும்பி வந்தது.

அங்கே வழி இரண்டு இருந்தது. அடுப்பை எதிர்மூலைக்கு மாற்றிவிடலாம் என்று மற்ற மாணவர்கள் சொன்னார்கள். மேட்டிலிருந்து தூரம், வேலையும் சுலபம். தாய்மார் ஒத்துக்கொள்ளவில்லை. தென்கிழக்கு அக்னி மூலை. அடுப்பு அங்கேதான் இருக்க வேண்டும். வாயு மூலையில் நெருப்பு வைத்த வீட்டில் பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். நான் தாய்மார் கட்சி. எங்கள் வீட்டிலும் அடுப்பு அக்னி மூலையில்தான்.

"அப்போ நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"அடுப்பு அங்கேயே இருக்கட்டும், புகைக்கூண்டை மேட்டுக்கு மேல ஏத்துவோம்னு சொன்னேன்ப்பா. சேர், நீ சொன்னே, நீயே கட்டிக் காட்டுன்னுட்டார்."

சேர் என்றது அவர்களுடைய விரிவுரையாளரை. அவர் சிங்களவர், நாற்பது வயதிருக்கும், அவர் காற்சட்டை முழங்கால் வரை சேறு. என்னோடு சிங்களத்தில் பேசினார். கம்பளைக் கடைவீதியில் பழகிய சிங்களம் எனக்குப் போதும். அவர் ஒரு சின்ன மாதிரியைக் காட்டினார். களிமண்ணால் மேடு, அட்டையால் கட்டடம், காகிதத்தைச் சுருட்டிப் புகைக்கூண்டு. மரகதம் அதற்குள் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்து, மேட்டுப் பக்கமிருந்து ஒரு சுளகால் விசிறினாள். புகை அட்டை வீட்டின் வாசல் வழியாக வந்தது. காகிதத்தை இன்னும் நீளமாகச் சுருட்டி வைத்து மறுபடி விசிறினாள். புகை மேலே போனது.

"இது அட்டை" என்றார் விரிவுரையாளர். "அட்டையில் சரியாவது எல்லாம் கல்லில் சரியாவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவர்களை இங்கே கொண்டுவந்தேன். வரைந்தவர்களே கட்டினால்தான் ஒரு கோடு என்ன பாரம் என்பது கைக்குத் தெரியும்."

எனக்கு அவரிடம் மரியாதை வந்தது. ஆனாலும் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் மரகதத்தைப் பார்த்தார். அவள் சுளகைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுறோம்ப்பா. அன்னிக்குப் புகை திரும்பி வந்துச்சுன்னா நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு உங்களோட வந்துடுறேன். அம்மாவுக்கு நானே பதில் சொல்லிக்கிறேன். வரலைன்னா... அதாவது புகை மேல போச்சுன்னா, நீங்க தனியா போகணும்."

ஒத்துக்கொண்டேன். அவள் வார்த்தை மாற மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளியும் சனியும் அங்கேயே தங்கினேன். படுக்கை பாடசாலை வாத்தியார் வீட்டில், பகல் முழுதும் கட்டடத்தடியில். அவர்கள் வேலை செய்யும் விதம் எனக்குப் புதிது. எதையும் வாயால் முடிவு செய்வதில்லை. எவ்வளவு உயரம் வேண்டும் என்று மரகதம் கண்டுபிடித்தது எப்படித் தெரியுமா? நீண்ட மூங்கிலில் அடிக்கு ஒன்றாகச் சிவப்புத் துணி கட்டி, அதை அந்த மூலையில் நிறுத்திப் பார்த்திருக்கிறாள். கீழ்த் துணியெல்லாம் சுருண்டு சுருண்டு அடித்தன. மேட்டுக்கு மேலே ஆறடிக்கப்பால் இருந்த துணிகள் மட்டும் கொடி போல ஒரே பக்கமாக நீண்டு நின்றன. அதுதான் உயரம். அந்தப் பாரத்தைத் தாங்க, பழைய புகைக்கூண்டை இடுப்பளவுக்குப் பிரித்து அடியை அகலப்படுத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

தொட்டில் கட்டும் உத்தரமும் அப்படித்தான் அமைந்ததாம். முதலில் அவர்கள் வைத்தது உயரமாகப் போய்விட்டது. "தொட்டில் கட்ட நான் என்ன குரங்கா?" என்று ராக்கம்மா கேட்டிருக்கிறாள். அன்றைக்கே கழற்றி, அவள் கை தூக்கும் உயரத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சாரத்தில் நின்ற மாணவர் நிமலுக்குக் கீழிருந்து செங்கல் எடுத்துக் கொடுக்க ஆள் போதவில்லை. நான் சால்வையை வைத்துவிட்டு எழுந்தேன். ஒரு கல், இரண்டு கல் என்று ஆரம்பித்துப் பொழுது சாயும் வரை கொடுத்தேன்.

"முதலாளி, கடையை மூடிட்டு இங்கயே வேலைக்குப் பேர் பதிஞ்சிடுங்க" என்றாள் ராக்கம்மா.

ஞாயிறு. தோட்டத்துக்கு விடுமுறை. விடியும்போதே லயத்துச் சனம் வந்துவிட்டது. வாசலில் கோலம், மாவிலைக்குப் பதிலாகத் தேயிலைக் கொழுந்தால் தோரணம். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பிள்ளையாரைக் கும்பிட்டோம். பால் சட்டி தயார். மலை அசையாமல் இருந்தது. தேயிலையில் ஓர் இலை ஆடவில்லை.

நான் மகளைத் தனியே கூப்பிட்டேன். "இப்பவே அடுப்பை மூட்டும்மா. காத்து இல்லாத நேரம். நல்ல நேரமும்தான்."

சொன்ன பிறகுதான் நான் யார் பக்கம் நிற்கிறேன் என்பது எனக்கே விளங்கியது. அவளுக்கும் விளங்கியிருக்கும். ஆனால் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"காத்து இல்லாதப்போ பார்த்து என்னப்பா பிரயோசனம்? காத்து அடிக்கிறப்போதான் பிள்ளைக உள்ள இருக்கும். காத்து வரட்டும்."

காத்திருந்தோம். குழந்தைகள் அழுதன. பால் கெட்டுவிடும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் கந்தர் பேரைச் சொல்லிக்கொண்டே நின்றேன். காற்று வரட்டும் என்று வேண்டவும் பயம், வராமல் போகட்டும் என்று வேண்டவும் மனசில்லை. பத்து மணி வாக்கில் மேட்டின் உச்சியிலிருந்த சவுக்கு மரங்கள் இரைய ஆரம்பித்தன. தோரணம் ஒரு பக்கமாய்ப் பறந்தது. கூரைத் தகரம் படபடத்தது.

"இப்ப மூட்டுங்க அக்கா" என்றாள் மரகதம், ராக்கம்மாவைப் பார்த்து.

ராக்கம்மா வேண்டுமென்றே ஈர விறகாகப் பார்த்து வைத்தாள். "நம்ம அடுப்புல காஞ்ச வெறகு என்னைக்கு இருந்துச்சு?" என்றாள். புகை கரேலென்று கிளம்பி அடுப்பு வாயில் ஒரு சுற்றுச் சுற்றியது. கொஞ்சம் வெளியே எட்டியும் பார்த்தது. பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்தார்கள். மரகதம் அசையாமல் நின்றாள். அவள் உதடு மட்டும் வெளுத்திருந்தது. புகைக்கூண்டு சூடேற வேண்டும் என்று பின்னால் விரிவுரையாளர் மெல்லச் சொன்னது கேட்டது.

அப்புறம் உள்ளே யாரோ இழுத்தது போல அந்தப் புகை அத்தனையும் மேலே போனது. அடுப்பு வாய் தெளிந்தது. நெருப்பு "குப்"பென்று பிடித்தது.

வெளியே நின்றவர்களிடமிருந்து ஒரு குலவை எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மண்மேட்டுக்கு மேலே, புகைக்கூண்டின் தலையிலிருந்து, வெள்ளைப் புகை காற்றோடு சேர்ந்து ஒரே நீளமாகத் தேயிலை மலை மேல் போய்க்கொண்டிருந்தது. உள்ளே பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. ராக்கம்மா தன் குழந்தையைத் தொட்டிலில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று ஆட்டினாள். கண்ணைக் கசக்கவில்லை. குழந்தை இரண்டு தரம் கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கிப்போனது.

நிமலும் மற்றப் பிள்ளைகளும் மரகதத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசினேன். "நான் தனியாவே போறேன் தாயி" என்றேன். 

திங்கட்கிழமை காலை ரயிலில் இறங்கி வந்தேன். மலையிறங்க இறங்க வெயில் ஏறியது. கம்பளையில் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். என் மனைவி வாசலில் நின்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எங்கங்க பிள்ளை?" என்றாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அழுதாள். பிறகு எழுந்து எங்கள் அடுப்படிக்குப் போய், இருபது வருஷக் கரி படிந்த கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "லீவுக்கு வந்தா இங்கயும் ஒண்ணு கட்டச் சொல்லுங்க" என்றாள்.

எங்கள் அப்பாவுக்கு, தாம் யாருக்காக மண் சுமக்கிறோம் என்று தெரியாது. கூலிக்குச் சுமந்தார். என் மகள் சுமந்த மண் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியும். என் கண்ணாலும் பார்த்தேன். கொழுந்தெடுக்கிறவளின் பிள்ளை அதன் கணகணப்பில் தூங்குகிறது. மண் ஒன்றுதான், சுமந்ததில்தான் எத்தனை வித்தியாசம்.

இந்த விஷயத்தை இப்போது பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். அன்றைக்குச் சாமி காற்றை நிறுத்தினார் என்று பக்தியோடு சொல்கிறவர்களும் உண்டு. நானும் கும்பிடுகிறவன்தான், ஆனால் நடந்தது அதுவல்ல. காற்று நிற்கவில்லை. நன்றாக அடித்தது. ஆண்டவன் காற்றை நிறுத்தவில்லை, என் பிள்ளைக்குப் புத்தியையும் கைக்குப் பலத்தையும் கொடுத்தான். படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கும் தாய் தகப்பன்மாருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றையும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். முக்கியமாக அந்தக் காற்றை விட்டுவிடாதீர்கள்.