யாரும் இல்லாத ஜமக்காளம்

போன வருடம் வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை நடந்தது இது. டெக்ஸாஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போனால், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன விமானத் திடல் வரும். பழைய காலத்து விமானங்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை அங்கே கூடி ரேஸ் விடுவார்கள். என் கணவருக்குப் பழைய விமானம் என்றால் பைத்தியம். வீட்டில் குழாய் ஒழுகினால் திரும்பிப் பார்க்காத மனிதர், அங்கே போய் யாரோ ஒருவருடைய விமானத்தைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டு நிற்பார். அவர் மட்டும் வாலண்டியராகச் சேர்ந்தால் போதாதா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரையும் கொடுத்துவிட்டார். ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றை மாட்டி, கையில் வாக்கி டாக்கியைத் திணித்து, என்னைக் கயிற்றோரம் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள்.

வேலை ஒன்றுதான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனங்கள். அந்தப் பக்கம் ஓடுபாதையும், அதன் கோடியில் ஒரு பெரிய புல்வெளியும். அந்தப் புல்வெளியில் ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. காலையில் எங்களுக்குப் பாடம் எடுத்த பெரியவர் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த விமானங்களுக்கெல்லாம் நம் அப்பா அம்மாவைவிட வயது அதிகம். நடுவானில் இன்ஜின் நின்றுபோனால் ஓடுபாதை வரைக்கும் வந்து சேர முடியாது. அப்போது பைலட்டுக்கு இருக்கும் ஒரே இடம் அந்தப் புல்வெளி. இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்பதெல்லாம் கிடையாது, இறங்கினால் இறங்கியதுதான்.

எனக்குப் புரிந்தது. அங்கே வந்திருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. எங்கள் ஆட்களுக்குத்தான் புரியவில்லை!

என் கணவர் வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகச் செய்தி போட்டிருந்தார். நாலைந்து குடும்பங்கள் புளியோதரை, தயிர்சாதம், ஐஸ் பெட்டி சகிதம் வந்து இறங்கின. கூடவே எங்கள் குழுவின் அண்ணன் ஒருவர். ஈரோட்டுக்காரர், தங்கமான மனிதர், ஊரில் யாருக்கு என்ன உதவி என்றாலும் முதல் ஆளாக நிற்பார். ஆனால் இடம் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கோயில் பொங்கல் விழாவா, பள்ளிக்கூட டான்ஸ் நிகழ்ச்சியா, எங்கே போனாலும் முன் வரிசை முழுக்க அவருடைய துண்டும் ஸ்வெட்டரும் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கும் கயிற்றைத் தாண்டிப் போய், அந்தப் புல்வெளியின் நட்டநடுவில், சிவப்பும் பச்சையுமாய்க் கோடு போட்ட பவானி ஜமக்காளத்தை விரித்துவிட்டார்.

நான் ஓடினேன். "அண்ணா, அங்க உட்காரக் கூடாது. ப்ளீஸ், கயித்துக்கு இந்தப் பக்கம் வாங்க."

"ஏம்மா, இத்தன எடம் சும்மாதான கெடக்குது? அந்தக் கூட்டத்துல போயி இடிச்சுட்டு நிக்கோணுமா?"

"சும்மா கெடக்கல அண்ணா, சும்மா விட்டு வச்சிருக்காங்க. ப்ளேன் எறங்குற எடம்."

"அதுக்குத்தான் அங்க ரன்வே இருக்குதேம்மா!"

அவருடைய மகளே "அப்பா, திஸ் இஸ் நாட் அலவ்ட்" என்று முனகினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய மனைவியோ, ஓரத்தில் நீலநீலமாய்ப் பூத்திருந்த ப்ளூபானெட் காட்டுப்பூக்களுக்கு நடுவே குழந்தைகளை உட்காரவைத்துப் போட்டோ எடுப்பதில் மும்முரமாக இருந்தார். "ஒரே ஒரு போட்டோப்பா, வந்துடறோம்" என்றார். கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் கொஞ்சம் குரலை உயர்த்தி, ஒரு வழியாக எல்லோரையும் எழுப்பி இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். மூச்சு வாங்கியது.

திரும்பிப் பார்த்தால், ஜமக்காளம் அங்கேயே கிடக்கிறது! அதன் மேல் பைகள், ஐஸ் பெட்டி, வரிசையாகக் குழந்தைகளின் செருப்புகள். வெயிலில் தயிர்சாதம் புளித்துவிடும் என்று ஒரு பெரிய பூப்போட்ட குடையை வேறு விரித்து வைத்திருந்தார்கள்.

"அண்ணா, அதையும் எடுக்கணும்."

"ஆளுதான் எந்திரிச்சு வந்தாச்சேம்மா? ஜமக்காளம் யாரை என்ன பண்ணப் போவுது? ரேஸ் முடிஞ்சதும் அங்கதான சாப்புடப் போறோம். எடுத்தா வேற எவனாச்சும் வந்து உக்காந்துக்குவான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேறு எவனும் வந்து உட்காரக் கூடாது என்பதற்குத்தானே அங்கே கயிறு கட்டியிருக்கிறது? வாக்கி டாக்கியில் தலைமை வாலண்டியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவராவது பதறுவார் என்று பார்த்தால், "ஆட்கள் வந்துவிட்டார்கள் இல்லையா? அது போதும், இந்த ரேஸ் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்" என்றார். நானே போய்ச் சுருட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கயிற்றைத் தூக்கினேன். அதற்குள் விமானங்கள் கிளம்பிவிட்டன. விமானம் பறக்கும்போது வாலண்டியர் உட்பட யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது. அதுவும் விதிதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

விமானங்கள் தூரத்தில் நட்டிருந்த உயரமான கம்பங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவற்றில் ஒன்று மஞ்சள் நிறம், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. அது திரும்பி வரும்போது இன்ஜின் இரண்டு மூன்று தரம் இருமியது. பிறகு அதன் சத்தம் அப்படியே நின்றுவிட்டது.

மஞ்சள் விமானம் அமைதியாக, நேராக அந்தப் புல்வெளியைப் பார்த்துத் தாழ்ந்து வந்தது. வந்துவிடும், இறங்கிவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பனைமர உயரம்கூட இருக்காது. அப்போது பார்த்து ஓர் இறக்கை சாய்ந்தது. விமானம் சட்டென்று விலகி வேலிப்பக்கம் போய், முள்கம்பிகளை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் மோதியது. ஒரே புழுதி. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை.

என் பக்கத்தில் அந்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அங்க யாருமே இல்லையேம்மா! ஏன் திருப்புனாரு? யாருமே இல்லையே!" என்று கத்தினார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதற்கு நேரமில்லை, ஆம்புலன்ஸுக்கு வழிவிடக் கயிற்றை அவிழ்க்க ஓடினேன்.

பைலட்டை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். என் மாமனார் வயது இருக்கும். காலும் தோள்பட்டை எலும்பும் உடைந்திருந்தன, முகமெல்லாம் மண். என் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "குடைக்குக் கீழே இருந்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குடைக்குக் கீழே தயிர்சாதம் இருந்தது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? "எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்" என்றேன். அது பொய் இல்லை. குழந்தைகள் ஐஸ்கிரீம் வண்டி முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் "நல்லது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிழைத்துக்கொண்டார். இப்போது கைத்தடி வைத்து நடக்கிறார், விமானம் ஓட்டுவதில்லை. இந்த வருட ரேஸில் கயிறு இல்லை, இடுப்பளவு வேலி, அதுவும் நன்றாகப் பின்னால் தள்ளி. ஜனங்கள் பக்கத்தில் நிழலுக்குப் பந்தல் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ரேஸுக்கு முன்னும் ஒருவர் புல்வெளி முழுக்க நடந்து பார்த்துக் கையைக் காட்டினால்தான் விமானம் கிளம்பும். ஒரு செருப்புக் கிடந்தாலும் அங்கே ஆள் இருப்பதாகத்தான் அர்த்தம். இதை முதலிலேயே செய்திருந்தால் என்ன என்று அந்தத் தலைமை வாலண்டியரிடம் கேட்டே விட்டேன். தமிழில் அறிவிப்புச் செய்வது என் வேலை. புல்வெளியை நடந்து பார்ப்பவர் வேறு யாருமில்லை, அந்த ஈரோட்டு அண்ணன்தான். ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போய்விட்டு, பைலட்டின் அறை வாசலோடு திரும்பி வந்தவர் அவர். உள்ளே போய் உண்மையைச் சொல்ல இன்று வரை அவருக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும்தான்.

இன்றும் கோயில் மண்டபத்திலோ கல்யாண வீட்டிலோ, காலி நாற்காலியில் யாராவது கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தால் எனக்கு எரிச்சல் தலைக்கேறுகிறது. அடுத்த கணமே அந்த மஞ்சள் இறக்கை சாய்ந்தது கண்முன் வந்துவிடுகிறது, யாருமே இல்லாத ஒரு ஜமக்காளத்துக்காகத் தன் ஒரே இடத்தை விட்டுக்கொடுத்த அந்த மனிதரை நினைத்துக் கண் கலங்குகிறது.