வேட்டித் துணியில் வடித்த காப்பி

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரே ஓர் எதிரி இருந்தது. மாமியார் இல்லை. வண்ணார்பேட்டைக் காப்பிக் கடை!

ஜெர்மன் சண்டை மூள்வதற்குக் கொஞ்ச காலம் முந்திய கோடை அது. என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பகலெல்லாம் பள்ளிக்கூடம், சாயந்தரமானால் கணக்குச் சொல்லிக்கொள்ள வீடு நிறையப் பையன்கள். புழுக்கத்துக்கு ஆண்கள் முற்றத்துக் கட்டிலில் படுப்பார்கள், நானும் அத்தையும் உள்ளறையில். பெரியவர்கள் முன்னால் புதுப் பெண்டாட்டி புருஷனோடு நின்று பேசினால் அது மரியாதைக் குறைச்சல். மிச்சம் இருந்தது காலை ஜெபம் முடிந்த பிறகு வரும் கொஞ்ச நேரம்தான். மாமா வயலுக்குப் போவார், அத்தை பால் கறக்கத் தொழுவத்துக்குப் போவாள். சரியாக அந்த நேரம் பார்த்து இந்த மனுஷர் செருப்பை மாட்டிக்கொண்டு வண்ணார்பேட்டைக்குக் காப்பி குடிக்கக் கிளம்பிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரிடம் சொல்ல நெஞ்சு நிறைய வைத்திருந்தேன். ஒரு பேச்சையாவது முழுசாகப் பேசி முடித்ததில்லை.

அழுதால் ஆகிற காரியமா? கடைக் காப்பியைத் தோற்கடிக்கிற காப்பியை வீட்டிலேயே போட்டுவிடுவது என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் வீட்டில் காலையில் பழையசோற்று நீத்தண்ணிதான். சளி பிடித்தால் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைப்போம். காப்பி போடத் தெரிந்தவர் யாருமில்லை. என் அண்ணன் மலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அவன் கொடுத்துவிட்ட காப்பிக்கொட்டை ஒரு பை இருந்தது. மண்சட்டியில் வறுத்து, உரலில் மாவாக இடித்து, தெரிந்த வித்தைப்படியே சுக்குத் தண்ணி மாதிரி கொதிக்க விட்டேன். அவர் ஒரு வாய் குடித்தார். பல்லில் ஒட்டிய தூளைத் துழாவிக்கொண்டே, "வீட்ல யாருக்கு மேலுக்கு முடியல?" என்று கேட்டார். அப்புறம் வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டார்.

வடிக்க வேண்டும் என்று புரிந்தது. பனங்காட்டுச் சீமையில் வடிக்கிற சாமான் எது? பன்னாடை! பனைமட்டையின் அடியில் துணி நெய்தாற்போல் பின்னிக் கிடக்குமே, அதுதான். பதநீர்ப் பானைப் பக்கத்தில் தொங்கியதை எடுத்துக் காப்பியை வடித்தேன். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். பதநீரை வடித்து வடித்து அந்தச் சுண்ணாம்பெல்லாம் பன்னாடையில் ஏறிக் கிடந்தது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

"இதுகூட வெத்தலையும் பாக்கும் வச்சுட்டா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு அன்றும் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பன்னாடையைத் தூக்கி எருக்குழியில் எறிந்தேன். அடுத்தது துணி. புதுத் துணி என்றால் தறிக் கஞ்சி இறங்கிக் காப்பி கூழாகிவிடும். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிப்போன அவருடைய பழைய வேட்டி ஒன்று கொடியில் தொங்கியது. கிழித்தேன். கொதிக்கிற தண்ணீரில் அலசிப் பிழிந்தேன். இந்தத் தடவை கொட்டையை மாவாக்காமல் ரவைப் பதத்தில் இடித்தேன். செம்பின் வாயில் துணியைக் குழிவாக விட்டு, பொடியைப் போட்டு, ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீரை மடமடவென்று ஊற்றினேன். பொடியின் நடுவில் பள்ளம் விழுந்து, வெளுத்த தண்ணீர் ஓடியது. விடுவேனா? பழையதைக் கொட்டிவிட்டுப் புதுப் பொடி போட்டேன். பொடி நனைகிற அளவுக்குக் கொஞ்சமாக விட்டுவிட்டுப் பார்த்தேன். அப்பப்பா! பொடி பணியாரம் போல உப்பி எழும்பியது. நுரை கட்டியது. ஒரு வாசம் கிளம்பியது பாருங்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாசல்வரை போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். "ஏளா, என்ன வாசம் இது?"

துணி வழுக்கிச் செம்புக்குள் போகப் பார்த்தது. "பேசாம வந்து துணியப் பிடிங்க, உள்ள விழுந்துரும்!" என்று கத்திவிட்டேன். அவரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. செருப்பை உதறிவிட்டு வந்து பிடித்தார். நான் பைய ஊற்றினேன். கருப்பட்டிப் பாகும் பாலும் கலந்து கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"வண்ணார்பேட்டைக்காரன் இனி கடையக் கட்ட வேண்டியதுதான்" என்றார்.

ஜெயித்துவிட்டேன்! அன்று அவர் எங்கும் போகவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து, அத்தை தொழுவத்திலிருந்து திரும்பும்வரை பேசினோம்.

ஆனால் வாசத்தை அடைத்து வைக்க முடியுமா? மறுநாள் அத்தை பால் செம்போடு வந்து நின்றாள். அதற்கு மறுநாள் மாமா வயலுக்குப் போகாமல் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். "ஏலே, ஆம்பளைக்கு அடுப்படியில என்ன சோலி? அங்கன போய் உங்கப்பாகூட இரு, அவ கொண்டாருவா" என்று அத்தை அவரை விரட்டினாள். என் வெற்றியே எனக்கு வினையாகிப்போனது. அவர் எழுந்தார்.

"அத்த, துணிய ஒரு ஆள் பிடிக்கணும், ஒரு ஆள் ஊத்தணும்" என்றேன்.

"நான் பிடிக்கேன், கொண்டா." பிடித்தாள். கொதிநீர் ஒரு சொட்டு விரலில் தெறித்தது. "யம்மா, பொள்ளிட்டு! நீயே வந்து பிடில!" என்று மகனைக் கூப்பிட்டாள்.

செம்பின் கழுத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டினால் துணி தானே நிற்குமே என்று கேட்பீர்கள். எனக்கும் அன்றே தோன்றியது. வாய் திறந்து அதைச் சொல்ல நான் என்ன பைத்தியமா? மாமாவும் அத்தையும் கூப்பிடு தூரத்தில் இருக்க, நாங்கள் இரண்டு பேரும் செம்பின்மேல் குனிந்துகொண்டு தினமும் பேசினோம். பேச்சு நீண்டால் தண்ணீரை இன்னும் மெதுவாக விடுவேன். "என்னட்டி முணுமுணுப்பு?" என்று அத்தை கேட்பாள். "பைய ஊத்தச் சொல்லுதாக அத்த" என்பேன்.

மழைக்காலம் தொடங்கியதும் ஒருநாள் மாமா கடைத்தெருவிலிருந்து சிரித்த முகத்தோடு வந்தார். கையில் பளபளவென்று இரண்டடுக்குப் பித்தளைப் பாத்திரம். காப்பி வடிக்கிற பில்டராம்.

"மேல பொடியப் போட்டுத் தண்ணிய ஊத்தி மூடிட்டாப் போதும், தன்னால இறங்கிரும். இனி ஒருத்தரும் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம்" என்று பெருமையாக என்னிடம் நீட்டினார்.

என் காலை நேரம் போச்சு! மருமகள் என்ன சொல்ல முடியும்? "சரி மாமா" என்று வாங்கக் கையை நீட்டினேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து பாத்திரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேண்டாம்ப்பா. இதுல வடிச்சாப் பித்தள வாட அடிக்கும். துணியில வடிச்சாத்தான் எனக்குத் தொண்டையில இறங்கும்" என்றார். அதில் அதுவரை ஒரு சொட்டுக் காப்பிகூட யாரும் வடித்ததில்லை. பொய் சொன்ன பையன்களை முட்டி போடவைக்கிற வாத்தியாருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது.

அந்தக் காலை நேரத்துக்காக நான் ஒருத்திதான் கிடந்து தவிக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.