பிரேக் என்றால் நிற்க வேண்டும்

மலேசியாவில், கிள்ளானில் லோரி ஓட்டுகிறேன். படித்தது ஆறாம் ஆண்டு வரை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் மனைவிதான், "எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

போன வருஷம் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போய்விட்டாள். மகள் ஜொகூரில் வேலை செய்வதால் அறை காலிதான். என் குறட்டையைக் காரணம் சொன்னாள். நானோ என் மேல் அடிக்கும் டீசல் வாடைதான் காரணம் என்று முடிவுகட்டினேன். பிரிக்பீல்ட்ஸ் போய் சென்ட் வாங்கினேன். வேலை முடிந்து வந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன்.

மூன்றாம் நாள் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னாங்க இது, கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி மணக்குது?"

"நீ கிட்டயே வர மாட்டேங்கிறியே, அதான்..."

சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதாள். "வாடை இல்லீங்க. வலிக்குது. ஒவ்வொரு தடவையும் வலிக்குது. சொன்னா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு இருந்துட்டேன்."

இரண்டு வருஷமாக வலியாம். பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கு அது தெரியவில்லை. என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஷா ஆலமில் ஒரு பெண் டாக்டர் பரிசோதித்தார். மாதவிடாய் நின்றபின் உள்ளே வறண்டு போகிறது, வலிக்குப் பயந்து தசையும் இறுகிக்கொள்கிறது, ஆப்பரேஷன் எதுவும் வேண்டாம், ஜெல்லும் பிசியோதெரபியும் போதும் என்றார். பிசியோ பெண் என்னையும் உள்ளே கூப்பிட்டார். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், வலிச்சா ஆன்டி ஒரு வார்த்தை சொல்வாங்க. உடனே நிறுத்திடணும் லா. என்ன வார்த்தை ஆன்டி?"

மனைவி யோசிக்கவே இல்லை. "பிரேக். இவருக்கு அதுதான் புரியும்."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் சில வாரம் பயிற்சி மட்டும்தான். கூடத்தில் பாய் விரித்து இருவரும் மூச்சை இழுத்து மெல்ல விடுவோம். தசையை இறுக்குவதல்ல, தளர்த்துவதுதான் பாடம். நான் பாதியில் தூங்கிவிடுவேன். "டிரைவர் தூங்கிட்டாரு!" என்று இடுப்பில் இடிப்பாள்.

ஜெல் வாங்க நான்தான் போனேன். முதல் தடவை இருமல் மருந்தோடு திரும்பினேன். இரண்டாம் தடவையும் இருமல் மருந்துதான். இப்போது நேராகவே கேட்டு வாங்குகிறேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம், நல்ல மழை. "இன்னிக்குப் பார்ப்போமா?" என்று அவளே கேட்டாள். ஜெல்லை எடுத்து வந்தேன். இரண்டு தடவை பிரேக் என்றாள். இரண்டு தடவையும் நின்றேன். அப்புறம் அவள் எதுவும் சொல்லவில்லை. எனக்கே பயம் வந்து நின்றுவிட்டேன். "வலிக்குதா?"

"இப்போ யாரு பிரேக் சொன்னா?"

மழைச் சத்தத்துக்கு மேல் இருவரும் சிரித்தோம்.

சாயந்திரம் அவள் தலையணை எங்கள் அறைக்குத் திரும்பி வந்தது. "என் குறட்டை?" என்று கேட்டேன்.

"அதுக்கு வேற டாக்டர்கிட்ட போவோம்" என்றாள்.